பச்சை விளக்கு: ஒரு வரியோடு நிற்காதீங்க

ஃபிட்ஸ்ஜெரால்டோட ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் பச்சை விளக்கு நம்பிக்கையின் குறியீடுன்னு கட்டுரையில் எழுதிட்டு, அதுக்கு மேல நகர முடியலைன்னு கேட்டிருந்தீங்க. அந்த விளக்கு எங்கெல்லாம் வருதுன்னு பாருங்க. முதல் அத்தியாயக் கடைசியில் நாயகன் கேட்ஸ்பி இருட்டில் கையை நீட்டி நடுங்குறான். அக்கரையில் மினுங்குறது அவன் காதலிக்கிற டெய்சியோட வீட்டுப் படகுத்துறை விளக்கு. 5ஆம் அத்தியாயத்தில் டெய்சியே பக்கத்தில் நிக்கிறா. அப்போ அது வெறும் விளக்கு. அவனோட மாயப் பொருள்களில் ஒண்ணு குறைஞ்சு போச்சுன்னு கதைசொல்லி நிக் கணக்குச் சொல்றான் பாருங்க, எனக்கு அந்த இடம்தான் நாவலோட உயிர். கடைசிப் பக்கத்தில் அன்னிக்கு அமெரிக்காவுக்கு வந்த டச்சு மாலுமிகள் கண்ட பசுமையான கரையோட இதே விளக்கு சேருது. ஒருத்தன் ஆசை ஒரு நாட்டோட ஆசையாகுது. விளம்பரப் பலகையில் வர்ற டாக்டர் எக்கில்பர்க்கோட கண்களை இதுக்குள்ள திணிக்காதீங்க, அது வேற கட்டுரை. கார் பட்டறைக்காரன் வில்சன் அந்தக் கண்களைக் கடவுளா பார்க்க, அவனோட பக்கத்துக் கடைக்காரன் மைக்கேலிஸ் விளம்பரம்னு சொல்ற இடத்துலேர்ந்து அந்தக் கட்டுரையை ஆரம்பிக்கலாம்.