ரிமோட் அவர்கள் கையில் இருக்கட்டும்

கேள்வி: எங்கள் ஊரில் 80 வீடுகள். ஒவ்வொருவரும் தன்னைத் தானே படமெடுத்து, பொங்கலன்று சாவடிச் சுவரில் மாட்டத் திட்டம். டிஎஸ்எல்ஆர் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், முக்காலி உண்டு. சோதனைப் படங்களில் முகமெல்லாம் நீலம். பாதிப் பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே எடுத்தீர்களா? துணி வழியே வரும் வெளிச்சம் அதன் நிறத்தையே முகத்தில் பூசும். சிவப்பு ஷாமியானாவும் அப்படித்தான். வடக்குப் பார்த்த திண்ணைக்கு மாறுங்கள். எதிரே பச்சைச் சுவர் இருந்தால் அதுவும் வேண்டாம்.

கேமராவை 2.5 மீட்டர் தள்ளி, உட்கார்ந்தவர் கண் உயரத்தில் வையுங்கள். ஸ்டூலின் நான்கு காலையும் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். ஃபோகஸை ஒருமுறை பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, லென்ஸ் வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸின் திறப்பளவை எஃப் 5.6-இல் வைத்தால் சற்றுச் சாய்ந்தாலும் முகம் தெளிவாக இருக்கும். எக்ஸ்போஷரும் (படத்தில் விழும் வெளிச்ச அளவு) மேனுவலில்தான்: ஆட்டோ விட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் முகம் கறுத்துப்போகும்.

கண் மூடுவது பெரும்பாலும் அடுத்தவர் ‘ரெடி’ சொல்லி அமுக்குவதால்தான். ரிமோட்டை உட்கார்ந்திருப்பவரிடமே கொடுத்து, 2 விநாடி டைமர் வையுங்கள். ரிமோட்டை மடியில் மறைக்க நேரம் கிடைக்கும். லென்ஸுக்குக் கீழே ஒரு முகக்கண்ணாடி கட்டுங்கள். பாட்டிகள் முந்தானையைச் சரிசெய்த பிறகே அமுக்குவார்கள்!

ஆளுக்கு 5 படம் போதும். முதல் படத்தில் சிலேட்டில் வரிசை எண் பிடிக்கட்டும். எதை மாட்டுவது, மாட்டலாமா என்பதை அவரே சொல்லட்டும்.