சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு எந்த எஞ்சின்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 100 குதிரைத்திறன் தரும் கார் எஞ்சின் ஒன்று நல்ல நிலையில் என்னிடம் இருக்கிறது. புது விமான எஞ்சின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இதையே பொருத்தினால் என்ன?

பதில்: பொருத்திப் பறப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த 100 எத்தனை ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில், கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். 72 அங்குல புரொப்பெல்லரை 2,700 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் அதன் முனை நொடிக்கு ஏறத்தாழ 258 மீட்டர் வேகத்தில் போகும். கார் எஞ்சின்போல் 5,800இல் சுற்றினால் 555 மீட்டர். ஒலியின் வேகமே 340 சொச்சம்தான். அதைத் தாண்டினால் இழுவை போய் இரைச்சல்தான் மிஞ்சும். எனவே நடுவே வேகத்தைக் குறைக்க ஒரு கியர்பாக்ஸ் தேவை.

தலைவலி அங்கேதான் ஆரம்பம். ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடிக்கும்போது எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு விடுபடும். மறுமுனையில் கனமான புரொப்பெல்லர். இந்த முறுக்கதிர்வு ஏதாவது ஒரு வேகத்தில் அமைப்பின் இயல்பு அதிர்வோடு சேர்ந்துவிட்டால் பற்சக்கரம் உடையும், இல்லை ஷாஃப்ட் உடையும். அப்புறம் குளிர்விப்பு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் கார் தன் முழுத்திறனில் கால்பங்கு கேட்டாலே அதிகம். விமானமோ மணிக்கணக்கில் முக்கால்பங்கு கேட்கும். ரேடியேட்டரையும் அந்தக் கணக்கில்தான் வைக்கவேண்டும். எஞ்சினைவிட அதைச் சுற்றி நாம் செய்துவைக்கும் கியர்பாக்ஸும் வயரிங்கும் குழாயும்தான் பெரும்பாலும் காலை வாரும்.

பீட்டில் காரின் ஃபோக்ஸ்வாகன் எஞ்சின் மட்டும் வேறு ரகம். காற்றிலேயே குளிரும், புரொப்பெல்லரை நேரடியாகச் சுற்றும். 2,180 சிசி வரை பெருக்கினால் 3,400 ஆர்.பி.எம். அளவில் 80 குதிரைத்திறன் கிடைக்கும். அந்த வேகத்துக்குச் சிறிய புரொப்பெல்லர்தான் தாங்கும் என்பதால் சோனெக்ஸ் போன்ற ஒல்லியான, வேகமான விமானங்களுக்குப் பொருந்தும். அகன்ற உடம்போடு மெதுவாகப் பறப்பவற்றுக்கு ஆகாது.

கேள்வி: ஜெனித் சிஎச் 750 கட்டுகிறேன். ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ், காண்டினென்டல் ஓ-200 இரண்டும் 100 குதிரைத்திறன்தான். எதை எடுக்க?

பதில்: நானாக இருந்தால் ரோட்டாக்ஸ். காண்டினென்டல் 3.3 லிட்டர் கொள்ளளவில், 2,750 ஆர்.பி.எம்.மில் தருவதை ஆஸ்திரிய எஞ்சினான ரோட்டாக்ஸ் 1.35 லிட்டரில், 5,800இல் தருகிறது. 2.43க்கு 1 என்ற கியர்பாக்ஸ் அதோடு சேர்ந்தே வருகிறது. அந்தத் தலைவலியைத் தயாரிப்பாளரே தீர்த்துக் கொடுத்துவிட்டார். எடையும் குறைவு. குறுகிய ஓடுதளத்தில் எழும்ப வேண்டிய விமானத்துக்கு மூக்கில் குறையும் ஒவ்வொரு கிலோவும் லாபம். பம்பில் கிடைக்கும் உயர்ரகப் பெட்ரோலிலேயே ஓடும். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலான அவ்கேஸ் ஊற்றினால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

தொல்லை இல்லாமல் இல்லை. ரப்பர் குழாய்களை எல்லாம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். எண்ணெய் பார்ப்பதும் தனிச் சடங்கு: இக்னிஷனை அணைத்துவிட்டு, புரொப்பெல்லரை அது சுற்றும் திசையிலேயே கையால் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். தொட்டிக்குள் 'களக்' என்று காற்று வெளியேறும் சத்தம் கேட்டபிறகுதான் டிப்ஸ்டிக்கை எடுப்பது. எதிர்த்திசையில் சுற்றவே கூடாது. ஓ-200 பொருத்திய செஸ்னா 150 விமானத்தில் பழகிய மெக்கானிக் பக்கத்தில் இருந்து, பழைய ஓ-200 ஒன்று நல்ல விலைக்கு வந்தால், அதை வாங்குவதிலும் தப்பில்லை.

கேள்வி: லைகமிங் ஓ-320 எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது. முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்குப் பிறகு 300 மணி நேரம்தான் ஓடியிருக்கிறதாம். ஆனால் 14 வருடமாகச் சும்மா கிடக்கிறது.

பதில்: 300 மணி நேரம் என்பதை மறந்துவிடுங்கள், அந்த 14 வருடத்தைப் பாருங்கள். லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. ஓடாமல் கிடந்தால் எண்ணெயெல்லாம் கீழே வடிந்து, கேம் ஷாஃப்ட் காய்ந்து துருப்பிடிக்கும். அந்தத் துரு நாளடைவில் கேமையும் அதன்மேல் உரசும் டேப்பெட்டையும் அரித்துத் தின்னும். சிலிண்டருக்குள் போரோஸ்கோப் என்ற குழல் கேமராவை விட்டுப் பார்த்தாலும் கேம் ஷாஃப்ட் கண்ணில் படாது. ஒரு சிலிண்டரையாவது கழற்றவேண்டும். விற்பவர் சம்மதிக்காவிட்டால் ஓவர்ஹால் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். 12 வருடம் ஆனாலே ஓவர்ஹால் செய்யச் சொல்வது லைகமிங் நிறுவனம்தான். புரொப்பெல்லர் எதிலாவது மோதிய வரலாறு லாக்புக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: வரைபடம் 160 குதிரைத்திறன் என்கிறது. 180 போட்டால் வேகம் கூடுமா?

பதில்: ஏற்றம் கூடும், வேகம் கொஞ்சம்தான் கூடும். தாண்டக் கூடாத வேக எல்லை சட்டகத்தின் வலுவைப் பொறுத்தது, எஞ்சின் மாறினால் அது மாறாது. மூக்கு வேறு கனக்கும். வடிவமைத்தவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

கேள்வி: எஞ்சின் பொருத்தியாயிற்று. முதல் பறப்புக்கு முன் எதைக் கட்டாயம் சோதிக்கவேண்டும்?

பதில்: எரிபொருள் ஓட்டம். நிறையப் பேர் தரையில் எஞ்சின் நன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். விமானம் ஏறக்கூடிய அதிகபட்சக் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி நிறுத்துங்கள். தொட்டியில் கொஞ்சமாகவே பெட்ரோல் இருக்கட்டும். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு கேனில் விடுங்கள். இறக்கைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் அமைப்பென்றால், எழும்பும்போது எஞ்சின் குடிப்பதைப்போல் ஒன்றரை மடங்கு வரவேண்டும். பம்ப் இருந்தால் ஒன்றேகால் மடங்கு போதும். 912 யூஎல்எஸ் முழுத்திறனில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். தானாக இறங்கும் அமைப்பில் மூன்று நிமிடத்தில் இரண்டு லிட்டர் சேரவேண்டும். சேரவில்லையா, தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறதா, வடிகட்டியில் ஃபைபர் துகள் சிக்கியிருக்கிறதா, குழாய் எங்காவது மேலே வளைந்து காற்றைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். சரிசெய்தபின் கேனை வைத்து மறுபடி அளந்துவிடுங்கள்.