பிரெஞ்சு இறந்தகாலம்: ஆங்கிலம் வழியாகப் போனால் எங்கே இடறும்?

கேள்வி: 'ஜெ மான்ஜே' என்பது 'ஐ ஹேவ் ஈட்டன்'தானே? அச்சு அசலாக அப்படியே இருக்கிறதே.

பதில்: உருவம்தான் ஒன்று, வேலை வேறு. ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹேவ் ஈட்டன்' செல்லாது, 'ஏட்' என்று மாற்றியாக வேண்டும். பிரெஞ்சின் பாசே கொம்போசேவுக்கு ('ஜெ மான்ஜே' போல, துணைவினையோடு வரும் இறந்தகாலம்) அந்தக் கூச்சமே கிடையாது, நேற்று, போன வருஷம் எதோடும் ஒட்டிக்கொள்ளும். பேச்சில் 'ஏட்', 'ஹேவ் ஈட்டன்' இரண்டுக்கும் அது ஒன்றே போதும்.

கேள்வி: 'வாஸ்', 'இங்' வரும் இடத்திலெல்லாம் அம்பர்ஃபே (தொடர்ந்தோ வழக்கமாகவோ நடந்ததைச் சொல்லும் இறந்தகாலம்) போட்டால் சரியா?

பதில்: பாதி சரி. 'படித்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது' என்றால் படித்துக்கொண்டிருந்தது அம்பர்ஃபே, அடித்தது பாசே கொம்போசே, இதுவரை ஆங்கிலத்தோடு ஒத்துப்போகும். மாட்டிக்கொள்வது 'இட் வாஸ் கோல்ட்' மாதிரி இடங்களில்தான். 'இங்' இல்லை, ஆனாலும் பின்னணி நிலைமையைச் சொல்வதால் பெரும்பாலும் அம்பர்ஃபே. 'சின்ன வயதில் தினமும் நீந்தப் போவேன்' என்பதும் அதுவே (நாம் எதிர்கால விகுதி போட்டுப் பழைய கதை சொல்கிறோம், ஆங்கிலத்தில் 'வுட்' வருகிறதே, அந்த மாதிரி). எனக்கு ரொம்பப் பிடித்தது சவ்வார் (தெரிந்திருத்தல்) என்ற வினை: 'ஜு சவே' என்றால் அப்போதே தெரிந்திருந்தது, 'ஜெ ஸ்யூ' என்றால் பெரும்பாலும் அப்போதுதான் தெரியவந்தது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'நியூ', இரண்டாவதற்கு 'ஃபவுண்ட் அவுட்' என்று வேறு வினையையே தேட வேண்டும்.

கேள்வி: 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் 5 இயர்ஸ்' என்பதைப் பாசே கொம்போசேயில் எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: இன்னும் அங்கேதானே இருக்கிறீர்கள்? அப்படியானால் பிரெஞ்சில் நிகழ்காலம், கூடவே 'துப்வி' (இத்தனை காலமாக என்று காட்டும் சொல்). ஆங்கிலத்தை விடுங்கள், தமிழில் யோசியுங்கள்: '5 வருஷமாக இங்கே இருக்கிறேன்'. நாமும் நிகழ்காலம்தானே சொல்கிறோம்! காலி செய்துவிட்டுப் போன வீடு என்றால் பாசே கொம்போசே வரும்.

கேள்வி: பாசே கொம்போசேயில் துணைவினையாக அவுவார் (ஆங்கில 'ஹேவ்') எப்போது, எத்ர் (ஆங்கில 'பி') எப்போது?

பதில்: போ, வா, பிற, இற போன்ற கொஞ்சம் வினைகளுக்கும், 'ஸ' (தன்னை, தனக்கு) சேர்ந்து வருபவற்றுக்கும் எத்ர், மற்றதெல்லாம் அவுவார். மனப்பாடம்தான், வேறு வழியில்லை. சொர்த்திர் (வெளியே போ) போன்ற சில வினைகள் இரண்டு பக்கமும் நிற்கும்: 'இல் எ சொர்த்தி' என்றால் அவன் வெளியே போனான், நாயை வெளியே கூட்டிப்போனான் என்றால் 'இல் அ சொர்த்தி'. நம் வெளியேறினான், வெளியேற்றினான் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாசே சாம்ப்ல் (எழுத்து நடையில் வரும் இறந்தகாலம்) அவசியமா?

பதில்: கதையிலோ வரலாற்று நூலிலோ பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். நண்பரிடம் 'இல் மான்ஜா' (அவன் சாப்பிட்டான்) என்று சொன்னால், செய்யுள் நடையில் மணி என்ன என்று கேட்ட மாதிரி இருக்கும்.