வாசகர் கேள்வி: எட்டு கோர் இருந்தும் ஏன் எட்டு மடங்கு வேகம் வரவில்லை?

புதுச்சேரியில் ஹை பெர்ஃபார்மன்ஸ் கம்ப்யூட்டிங் (பல பிராசசர்களைச் சேர்த்துப் பெரிய கணக்குகளை வேகமாகப் போடும் கலை) பாடம் நடத்தும் பேராசிரியர் இந்த வாரம் பதில் சொல்கிறார்.

என் லேப்டாப்பில் 8 கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டுப் பகுதிகள், இருக்கிறது. புரோகிராமை எட்டு த்ரெட்டாக (ஒரே நேரத்தில் ஓடும் துண்டுகளாக) பிரித்தும் மூன்று மடங்கு வேகம்கூட வரவில்லை. மெஷினில் கோளாறா சார்?
– மாணவர், பண்ருட்டி

மெஷினில் ஒன்றும் இல்லை தம்பி. உங்கள் ஊர் முந்திரிக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் உட்கார்ந்து உடைக்கலாம், ஆனால் எடை போடத் தராசு ஒன்றுதான் என்றால் கடைசியில் எல்லோரும் அதன் முன்னால்தான் நிற்க வேண்டும். 100 நிமிட வேலையில் 90 நிமிடம் உடைப்பது, 10 நிமிடம் எடை போடுவது என்று வைத்துக்கொண்டால், பத்துப் பேர் சேர்ந்து 19 நிமிடத்தில் முடிப்பார்கள். ஆயிரம் பேரைக் கூட்டி வந்தாலும் 10 நிமிடத்துக்குக் கீழே போகாது. கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் எடுத்துச் சொன்னது இதைத்தான். அதோடு, மெமரிக்குப் போகிற வழி எட்டு கோருக்கும் பொது, அங்கேயும் நெரிசல். முதலில் உங்கள் புரோகிராமில் தராசு எது என்று நேரம் அளந்து கண்டுபிடியுங்கள், கோர் எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம்.

முதல் வகுப்பில் என்ன சொல்லித் தருவீர்கள்?
– ஆசிரியை, நெல்லிக்குப்பம்

தப்பான விடையைக் காட்டுவேன். ஒரு கோடி எண்களைக் கூட்டும் சின்ன புரோகிராம், அதை எட்டு த்ரெட்டில் ஓட்டச் சொல்வேன். ஒரு தடவை ஒரு விடை வரும், மறுபடி ஓட்டினால் வேறு விடை, பக்கத்து மேசையில் இன்னொன்று. லேப் முழுக்கச் சலசலப்பு. காரணம் இதுதான்: மொத்தத்தில் ஒரு எண்ணைச் சேர்ப்பது நமக்கு ஒரே வரி, மெஷினுக்கோ எடு, கூட்டு, திரும்ப வை என்று மூன்று வேலை. மொத்தம் 500 இருக்கும்போது இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் அதை எடுத்து, ஒன்று 7-ஐயும் மற்றது 9-ஐயும் கூட்டித் திரும்ப வைத்தால் 516 வராது; 507 அல்லது 509, கடைசியாக வைத்தது எதுவோ அதுதான் நிற்கும். ஆளுக்கொரு தனிக்கணக்கு வைத்துக்கொண்டு முடிவில் ஒருமுறை மட்டும் சேர்த்தால் விடையும் சரி, வேகமும் சரி. நான் சொல்லாமல் ஒரு பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதற்காகவே ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்கள் இருந்தும் புயல் கணிப்பு ஏன் கடைசி நேரம் வரை மாறுகிறது? உங்கள் ஆராய்ச்சிக்கு இதில் வேலை உண்டா?
– படகு வைத்திருப்பவர், தேவனாம்பட்டினம்

நியாயமான கேள்வி ஐயா. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் என் புதுச்சேரிக்கும் உங்கள் கடலூருக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் கரைக்கு வந்து நகராமல் நின்று, ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கம்ப்யூட்டர் வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு கட்டம். நேரத்தையும் பாதிப் பாதியாக நறுக்க வேண்டும், ஆக எட்டு மடங்கு வேலை. அதற்கு மேல், கடல் நடுவில் அளவெடுக்கும் கருவிகள் குறைவு என்பதால் தொடக்கக் கணக்கிலேயே சின்னப் பிசகு இருக்கும், அது போகப் போகப் பெருகும். அதனால்தான் தொடக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

என் வேலை இங்கேதான். வெறும் வானம் இருக்கும் கட்டங்களின் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும், புயல் மேகம் திரண்ட கட்டங்களில் இழுக்கும்; முன்னால் முடித்த பிராசசர்கள் எல்லாம் சும்மா காத்திருக்கும். புயலோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. அது நகர நகர வேலையையும் எப்படி மாற்றிப் பங்கு போடுவது, அப்படிப் பங்கு போடுவதற்கே நேரம் வீணாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இதுதான் நானும் என் மாணவர்களும் மோதிக்கொண்டிருக்கிற சிக்கல்.

இதைக் கற்க சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டுமா?
– மாணவி, கடலூர் முதுநகர்

வேண்டாம் அம்மா. சாதாரண லேப்டாப், இலவச ஜிசிசி கம்பைலர் (நாம் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) போதும், வேலையைத் த்ரெட்டுகளாகப் பிரிக்க உதவும் ஓப்பன்எம்பி அதிலேயே இருக்கிறது. பெரிய மெஷின் என்றால் திருச்சி என்.ஐ.டி.யில் 2022-இல் வந்த 'பரம் பொருள்' நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குப் போடும் திறன் கொண்டது. அதில் ஓடுவதும் சி, ஃபோர்ட்ரான் புரோகிராம்கள்தான், நீங்கள் லேப்டாப்பில் எழுதுகிற அதே மொழி.