உலகத் தொடர்புகள் மைனர்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

இளங்கலைப் பட்டத்தோடு ‘உலகத் தொடர்புகள்’ என்ற பல்துறை மைனரையும் (முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் இரண்டாம் பாடம்) எடுத்துப் படிப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, அத்தகைய பாடத்திட்டத்தில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (வணிகவியல் முதலாண்டு மாணவர்): எங்கள் கல்லூரியில் அலைடு பேப்பர்கள் ஏற்கெனவே உள்ளன. மைனர் என்பதும் அதுதானே, ஐயா?

பதில்: அலைடு பாடம் முதன்மைப் பாடத்துக்குத் துணையாக வைக்கப்படுவது, இயற்பியல் படிப்பவருக்குக் கணிதம் என்பதுபோல. எதைப் படிப்பது என்பதைப் பெரும்பாலும் துறையே முடிவு செய்துவிடுகிறது. மைனரை மாணவர் தாமே தேர்ந்தெடுக்கிறார். அதற்கென்று தனி நோக்கமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தில் மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டுகளில் 24-உம், நான்காண்டுப் பட்டத்தின் 160-இல் 32-உம் மைனருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்தச் சட்டகத்துக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறையைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

கேள்வி (தாவரவியல் இரண்டாமாண்டு மாணவி, உதகை): நான் அறிவியல் மாணவி. இந்த மைனரில் எனக்கு என்ன இருக்கிறது? வரலாறு படித்தவர்களோடு போட்டியிட முடியுமா?

பதில்: உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். மலேரியாவுக்கு மருந்தான கொயினா, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. 1820-இல் பிரான்சில் பெல்லெத்தியே, காவந்து என்ற இருவர் அதைப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்தனர். வெப்ப மண்டலத்தில் படைகளையும் அலுவலர்களையும் வைத்திருந்த பிரிட்டனுக்கு இந்த மருந்து இன்றியமையாததாக இருந்ததால், கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் கன்றுகளும் விதைகளும் சேகரிக்கப்பட்டு, 1860-களின் தொடக்கத்தில் நீலகிரிக்கு வந்தன. உதகை தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துவந்த மெக்கைவர், பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்தெடுத்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி, மரத்தை வெட்டாமலே புதுப் பட்டை வளரச் செய்யும் முறையைக் கையாண்டார். அந்தப் பாசிக்கடியில் நடந்தது என்ன என்பதை விளக்க, வரலாறு மட்டும் படித்தவரைவிட உங்களுக்கே தகுதி அதிகம்.

அதே நேரத்தில், நீலகிரியின் நடுவட்டம் சின்கோனாத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் மலாய்க் கடற்கரையின் ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தார்கள் என்பதைத் தாவரவியல் பாடநூல் சொல்லாது. 1865-இல் பொலிவியாவிலிருந்து சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வணிகர் வழியாக வெளிவந்த சின்கோனா விதைகளில் ஒரு பகுதியை டச்சுக்காரர்கள் வாங்கினர். அவற்றிலிருந்து வளர்ந்த மரங்களில் கொயினாவின் அளவு மிக அதிகமாக இருந்ததால், நாளடைவில் உலகச் சந்தை டச்சு ஆட்சியிலிருந்த ஜாவாவின் கைக்குப் போயிற்று. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகள் கொயினாவுக்குத் திண்டாடின. தாவரவியல், வேதியியல், தண்டனை முறை, சந்தை, போர் ஆகிய அனைத்தும் ஒரே மரப்பட்டையில் வந்து சேர்கின்றன. உங்கள் முதன்மைப் பாடம் இங்கே சுமையாகாது. அதுவே உங்கள் கைக்கருவி.

கேள்வி (ஆங்கில இலக்கிய மாணவர்): இந்த மைனரில் ஒரு மொழியும் படிக்கச் சொல்கிறார்கள். ஆங்கிலம் போதாதா?

பதில்: போதாது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இலங்கையின் காலி நகரில் கிடைத்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணங்களை ஒட்டி 1409-ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட கல் அது; 1911-இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் காணிக்கைகள் பொறிக்கப்பட்டுள்ளன. பொன், வெள்ளி, பட்டு என்று பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, பெறுபவர் மட்டும் மாறுகிறார்: சீனப் பகுதியில் புத்தர், தமிழ்ப் பகுதியில் தேனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வம், பாரசீகப் பகுதியில் அல்லா. ஒரு மொழியை மட்டும் படித்தவர் ஒரு பக்தரைக் கண்டிருப்பார். மூன்றையும் சேர்த்துப் படிப்பவரே இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் அரசியலைக் காண்பார். தமிழ் தெரிந்தவருக்கு அதில் ஒரு பங்கு முன்கூட்டியே கையில் இருக்கிறது. அதனோடு டச்சு, பாரசீகம், மலாய் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (மாணவியின் தந்தை, மதுரை): வணக்கம் ஐயா. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: மைனரை மட்டும் பார்த்து வேலை தருபவர் அரிது. முதன்மைப் பாடமே வேலைக்கு வழி காட்டும். ஏற்றுமதி, கப்பல் போக்குவரத்து, இதழியல், பொதுச் சுகாதாரம் போன்ற துறைகளுக்குச் செல்பவருக்கு இது கூடுதல் வலு சேர்க்கும். அதற்கு மேல் யாராவது உறுதி கொடுத்தால், சேர்க்கைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி (வரலாற்று மாணவி, சென்னை): வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்க எனக்கு வசதி இல்லை. அது இல்லாமல் இந்த மைனர் முழுமை பெறுமா?

பதில்: பெறும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் இருக்கின்றன. அக்கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003-இல் ‘உலக நினைவுப் பதிவேட்டில்’ சேர்த்தபோது, நெதர்லாந்து, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, இலங்கை ஆகிய நாடுகளோடு இந்தியாவும் அதில் பங்குபெற்றது. பழவேற்காட்டிலிருந்து துணி ஏற்றிச் சென்று கிழக்கிந்தியத் தீவுகளில் நறுமணப் பொருள் வாங்கிய வணிகத்தைப் படிக்க, ஆம்ஸ்டர்டாம் போவதற்கு முன் எழும்பூருக்குப் போகலாம்.

கேள்வி (பொருளியல் மூன்றாமாண்டு மாணவர், தூத்துக்குடி): இறுதி ஆய்வுக்கு ‘உலகமயமாதலும் இந்தியப் பொருளாதாரமும்’ என்ற தலைப்பை எண்ணியிருக்கிறேன். சரியா?

பதில்: அது நூலகம் முழுவதையும் கேட்கும் தலைப்பு. உங்கள் ஊரில் துறைமுகம் இருக்கிறது. 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு கப்பல் ஒன்று சென்றதிலிருந்து கண்டெய்னர் வணிகத்தின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். தூத்துக்குடிப் பெட்டிகளில் கணிசமானவை சிறு கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. அது ஏன், அந்த மாற்றத்துக்கு ஆகும் செலவை யார் ஏற்கிறார்கள், திருப்பூர் பனியனின் விலையில் அது எங்கே போய் உட்காருகிறது என்ற மூன்று கேள்விகளோடு முதலில் ஒரு சரக்கு முகவரைப் போய்ப் பாருங்கள். தலைப்பைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.