மாநாடு கேட்ட பழைய மனுவை மாநிலம் வாபஸ் வாங்கினா செல்லுமா?

"அமெரிக்காவுல எங்க மாநில சட்டசபை ரொம்ப வருஷம் முன்னாடி அரசியல் சாசன மாநாடு கூட்டச் சொல்லி மனு போட்டிருக்கு, இப்போ அதை வாபஸ் வாங்க தீர்மானம் வருது, அதுக்கு மதிப்பு உண்டா, எங்க பிரதிநிதிகிட்ட நான் என்ன கேக்கணும்?"னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

மதிப்பு உண்டுங்க. சாசனத்தோட 5-வது பிரிவுப்படி 50-ல 34 மாநிலம் கேட்டா, சாசனத்துக்குத் திருத்தம் முன்மொழியற மாநாட்டைக் காங்கிரஸ் (அதாவது அமெரிக்க நாடாளுமன்றம்) கூட்டணும், மனு எத்தனை வருஷம் செல்லும்னு அதுல எழுதல, அதனால தாத்தா காலத்து மனுவையும் கணக்குல சேர்க்கறவங்க இருக்காங்க. பட்ஜெட்ல துண்டு விழக்கூடாதுங்கற திருத்தத்துக்கு 1983-லயே 32 மாநிலம் மனு போட்டாச்சு, அப்போ ரெண்டே ரெண்டுதான் பாக்கி! அப்புறம்தான் 1988-ல அலபாமாவும் புளோரிடாவும் வாபஸ் வாங்கினாங்க, 2016-ல டெலவேர், 2017-ல மேரிலாந்து, நியூ மெக்சிகோ, நெவாடா.

மாநாடுன்னா பயம் எதுக்குன்னா, 1787-ல பிலடெல்பியாவுல பழைய விதிகளைத் திருத்தறதுக்குன்னுதான் கூடினாங்க, எழுந்திரிக்கும்போது புது சாசனமே எழுதி முடிச்சிருந்தாங்க. திருத்தம் எதுவா இருந்தாலும் 38 மாநிலம் ஒத்துக்கணும், அது நல்ல காவல்தான், ஆனா மாநாட்டுக்குள்ள மாநிலத்துக்கு எத்தனை ஓட்டு, எதை மட்டும் பேசலாம்னு சாசனத்துல ஒரு வரிகூட இல்லையே.

வாபஸ் செல்லாதுன்னு வாதாடறவங்க 1868-ஐ இழுப்பாங்க: ஓஹையோவும் நியூ ஜெர்சியும் 14-வது திருத்தத்துக்குக் குடுத்த ஒப்புதலைத் திரும்ப வாங்கியும் காங்கிரஸ் அவங்களையும் சேர்த்தே எண்ணிடுச்சு. ஆனா அது ஒப்புதல், இது வெறும் கோரிக்கை, கேட்டவங்களே வேண்டாம்னா விட்டுடணும்கறதுதான் என் கருத்து. என்ன, 34 சேர்ந்தப்புறம் வாபஸ் வாங்கினா பெரிய வழக்காயிடும், அதுக்கு முன்னாடியே முடிச்சிடணும்.

உங்க பிரதிநிதிகிட்ட தீர்மானத்தோட நகல் வாங்கி வார்த்தை வார்த்தையா படிங்க. "பட்ஜெட் மனு"ன்னு மட்டும் இருந்தா வேற விஷயத்துக்குப் போட்ட மனுக்கள் அப்படியே உயிரோட இருக்கும், அதனால "இதுவரை போட்ட எல்லா மனுக்களும்"னு எழுதி, தெரிஞ்ச மனுக்களை வருஷத்தோட குறிப்பிடச் சொல்லுங்க. உங்க மாநில சட்டசபையோட ஒரு அவையில மட்டும் பாஸானா போதாது, இன்னொண்ணுலயும் பாஸாகி வாஷிங்டன்ல செனட், பிரதிநிதிகள் சபை ரெண்டுக்கும் நகல் போய்ச் சேரணும். 2015-லேர்ந்து பிரதிநிதிகள் சபையோட கிளார்க் ஆபீஸ் இந்த மனுக்களையும் வாபஸையும் மாநிலவாரியா ஆன்லைன்ல போடறாங்க, உங்க மாநிலத்தோட வாபஸ் அதுல ஏறிடுச்சான்னு சில மாசம் கழிச்சு நீங்களே பாத்துடுங்க.