போரில் அடிபட்ட ஊரில் மிஷனரிகள் செய்வது உதவியா, ஆள் பிடிப்பதா?

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரை வைத்துத்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். நான் பாளையங்கோட்டைக்காரன், சிஎஸ்ஐ சபை.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை தப்பித்தது எங்கள் ஊர்க் கோட்டைச் சிறையிலிருந்துதான். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது, கம்பெனிக்காரன் கோட்டையைத் தரைமட்டமாக்கினான். இருபது வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, 1820ல் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் இங்கே வந்து இறங்கினார். அவர் வர வழி பண்ணியதே பட்டாளத்துப் பாதிரியார்தான். அதனால் பீரங்கிக்குப் பின்னாலேயே பைபிளும் வந்தது என்று யாராவது சொன்னால் நான் மல்லுக்கு நிற்க மாட்டேன்.

ஆனால் கதை அவரிடமிருந்து தொடங்கவில்லை. 1778லேயே குளோரிந்தா என்ற பிராமண விதவை ஞானஸ்நானம் வாங்கி, 1785ல் கோட்டைக்குள் ஒரு கிறிஸ்தவக் கோயில் கட்டிவிட்டார். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றால் இன்றைக்கும் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். 1780ல் எழுதிய சபைப் பதிவேட்டில் மொத்தமே நாற்பது பேர். முதல் பெயர் அவருடையது.

சரி, ஆள் பிடித்தார்களா? சேர்த்தார்கள், மறைக்க ஒன்றுமில்லை. சேர்ந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதைத்தான் பலரும் கேட்பதில்லை. தென்பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுப் பனையேறிகள் பலருக்குக் குடியிருந்த மனையே சொந்தமில்லை. வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தவனுக்கு அடி விழுந்தது, ஜெபக் கூரையில் தீ விழுந்தது. கம்பெனியின் ஆட்சிதானே என்று நம்பிப் போனால் சர்க்கார் கச்சேரியிலும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. அப்போதுதான் தாவீது சுந்தரானந்தம் என்ற உள்ளூர் உபதேசியார் (வேதம் சொல்லிக்கொடுக்கும் சபை ஊழியர்) சாத்தான்குளம் பக்கம் நிலம் வாங்கி, விரட்டப்பட்டவர்களைக் குடியேற்றினார். அதுதான் முதலூர். வருஷம் 1799, கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே வருஷம்.

பின்னால் ரேனியஸும் இதையே பெரிய அளவில் செய்தார். 1830ல் தர்ம சங்கம் தொடங்கியது. நிலமும் வீடும் வாங்கி, துரத்தப்பட்டவர்களை உட்கார வைப்பதுதான் அதன் வேலை. அவருடைய தமிழ் இலக்கணத்தைப் பற்றியும், 1826ல் எழுந்த ஊசிக்கோபுரக் கோயிலைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சங்கம்தான் பெரிய வேலை. உபதேசியாராக இருந்த எங்கள் தாத்தா சொல்வார்: "பிரசங்கத்தைக் கேட்டு வந்தவன் பாதி, பட்டாவுக்கு வந்தவன் பாதி. பெறவு ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலதாம்ல உக்காந்தாவ."

நிலம் காட்டி ஆசை காட்டியதாகச் சொல்லலாம். ஆனால் அடி தாங்காமல் பழைய மதத்துக்கே திரும்பியவர்களும் உண்டு என்பதால், அந்தக் கணக்கு அவ்வளவு லேசாக நேராகாது.

இன்றைக்குப் போர் முடிந்த ஊருக்கு ஒரு மிஷன் போகிறது என்றால் நான் பார்ப்பது இதைத்தான்: வாங்கிய நிலம் யார் பெயரில் இருக்கிறது, சபையில் சேராத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அவர்கள் பள்ளிக்கூடத்தில் இடம் உண்டா.